டீச்சரிடம் கேளுங்கள்: கூடாரம் பெயர்ந்த இடத்தில் ஒரு கங்கு

போன இதழில் ஒரு வாசகர், "நம் எழுத்தாளர்கள் ஒருவரை ஒருவர் கைதூக்கி விடுவதே இல்லையே" என்று வருத்தப்பட்டு எழுதியிருந்தார். அதற்குப் பதில் சொல்லும்போது முக்தார் அவெசொவ் என்ற கஸாக் எழுத்தாளரின் பெயரை ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. அதனால் இந்த மாதம் முழுக்க அவரைப் பற்றித்தான். வேறு கேள்விகள் அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

*யார் டீச்சர் இந்த அவெசொவ்? பினாங்கில் இருக்கும் உங்களுக்கு அவர் எங்கே கிடைத்தார்?*
*— வாசகி, பட்டர்வொர்த்*

சௌரஸ்தா மார்க்கெட் மாடியில் கிடைத்தார் அம்மா. கீழே ஜாதிக்காய் ஊறுகாயும் மீனும் மணக்கும். மேலே பழைய புத்தகக் கடைகள். ஆள் நுழைய ஒரு சந்து விட்டு, கூரை வரைக்கும் புத்தகம் அடுக்கியிருப்பார்கள். நான் ஆசிரியையாகி முதல் சம்பளம் வாங்கிய மாதம் அங்கே போனேன். மாஸ்கோவின் அயல்மொழிப் பதிப்பகம் ஆங்கிலத்தில் வெளியிட்ட ஒரு தடித்த நாவல், முதுகுப் பக்கத்தைப் பூச்சி அரித்த நிலையில், மூன்று வெள்ளிக்குக் கிடைத்தது. பெயர் 'அபாய்'. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்து முடிக்க ஒரு பள்ளி விடுமுறை முழுவதும் ஆனது. அன்றிலிருந்து அவரை நான் விடவில்லை.

அவெசொவ் 1897-இல் பிறந்தவர். இன்றைய கஸாக்ஸ்தானின் கிழக்கே செமெய் நகரத்துக்குத் தெற்கில் சிங்கிஸ்தாவ் என்ற மலையடிவாரப் புல்வெளி. அந்த நகரத்தை அப்போது செமிபாலத்தின்ஸ்க் என்பார்கள். ஆடு, குதிரை, ஒட்டகத்தோடு கம்பளிக் கூடாரத்தைப் பெயர்த்துக்கொண்டு பருவத்துக்குப் பருவம் இடம் மாறுகிற மக்கள். தாத்தாவின் பெயர் அவெஸ். அதிலிருந்துதான் குடும்பப் பெயரே வந்தது. தாத்தாவும் அபாய் குனன்பாயுலி என்ற கவிஞரும் நண்பர்கள். பேரனுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கத் தாத்தா எடுத்த புத்தகம் எது தெரியுமா? கையால் எழுதிய அபாயின் கவிதைகள்தான். அவர் கவிதைகள் புத்தகமாக வராத காலம். நமக்கு 'அணில், ஆடு' எப்படியோ, அப்படி அந்தப் பையனுக்கு அபாயின் வரிகள்.

அபாய் 1845-இல் பிறந்து 1904-இல் மறைந்தவர். உயிரோடு இருந்தவரை அவருக்கு ஒரு புத்தகம்கூட வரவில்லை. அவர் கைப்பட எழுதியவை பெரும்பாலும் காணாமல் போயின. முர்செயித் என்று ஒருவர் அவர் கவிதைகளை அழகான கையெழுத்தில் படி எடுத்து வைத்திருந்தார். அந்தப் படிகள்தான் மிஞ்சின. 1909-இல் உறவினர் ககித்தாயும் மகன் துராகுலும் முயன்று பீட்டர்ஸ்பர்க்கில் முதல் தொகுப்பை அச்சிட்டார்கள். அது முழுமையானது அல்ல. மீதியைத் தேடிப் புறப்பட்டவர் அவெசொவ். அபாயின் மனைவியர் தில்தா, ஐகெரிம் இருவரிடமும், அவரோடு பழகிய கிழவர்களிடமும் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு எழுதினார். 1933-இல் அபாயின் முழுத் தொகுப்பை வாழ்க்கை வரலாற்றோடு கொண்டுவந்தார்.

அந்த வேலையைப் பற்றி அவரே ஒரு உவமை சொல்லியிருக்கிறார். வணிகக் கூட்டம் எப்போதோ கிளம்பிப் போய்விட்ட இடத்துக்குப் பிந்தி வந்து சேர்ந்த வழிப்போக்கன், சாம்பலைக் கிளறி, அணையப் போகிற ஒரே ஒரு கங்கைக் கண்டெடுத்து, வாயால் ஊதி ஊதித் தீயை எழுப்பப் பார்ப்பது மாதிரி அது இருந்தது என்கிறார். இந்த இடத்தைப் படித்துவிட்டு நான் அன்று மேலே படிக்கவில்லை.

*அடுத்தவர் கவிதையைத் தேடித் தொகுப்பது பதிப்பாசிரியர் வேலை. அதில் வாழ்நாளைச் செலவழித்தால் அவர் சொந்தமாக எப்போது எழுதுவது? நானும் கவிதை எழுதுகிறேன், அதனால் கேட்கிறேன்.*
*— இளைஞர், பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்*

தம்பி, உ.வே.சா. ஊர் ஊராக ஏடு தேடி 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்ததால்தான் அது இன்று உங்கள் கையில் இருக்கிறது. பாரதியின் பாட்டை அச்சில் ஏற்ற பரலி சு. நெல்லையப்பர் தன் காசையும் காலத்தையும் போட்டார். இவர்களை இரண்டாம் வரிசையில் உட்காரவைக்க எனக்கு மனம் வராது.

அவெசொவ் விஷயத்தில் நீங்கள் கேட்பது பொருந்தவும் இல்லை. இருபது வயதுக்குள்ளேயே அவர் 'எங்லிக்-கெபெக்' என்ற நாடகத்தை எழுதிவிட்டார். பகைக் குலங்களில் பிறந்த இரண்டு காதலர்களின் கதை. 1917-இல் புல்வெளியில் கூடாரங்களை ஒன்றாக இணைத்து, அதையே அரங்கமாக்கி நடித்தார்கள். கஸாக் நாடக மேடை அங்கேதான் தொடங்கியது என்பார்கள். அப்புறம் சிறுகதை, நாவல், இன்னும் பல நாடகங்கள்.

தேடித் திரிந்து சேர்த்ததெல்லாம் சும்மா போகவில்லை. அதுவே 'அபாயின் பாதை' என்ற நான்கு பாக நாவல் ஆனது. முதல் பாகம் 1942-இல் வந்தது, கடைசிப் பாகம் 1956-இல். அபாய் என்ற மனிதரின் சிறுவயது முதல் சாவு வரை, அவரைச் சுற்றிய மொத்தச் சமூகமும் அதில் இருக்கிறது.

ஒரு காட்சியை மட்டும் சொல்கிறேன். செமிபாலத்தின்ஸ்க் மதரஸாவில் படித்துவிட்டு, பதின்மூன்று வயது அபாய் குதிரையில் வீட்டுக்குத் திரும்புகிறான். சந்தோஷத்தில் உடன் வருபவர்களைப் பின்னால் விட்டுவிட்டுப் பறக்கிறான். வந்த சில நாளில் அவன் பார்ப்பது என்ன? மகனைப் பறிகொடுத்த கோதார் என்ற கிழவரையும், விதவையான மருமகள் கம்காவையும் இணைத்து ஒரு பழி. தீர்ப்புச் சொல்வது அபாயின் அப்பா குனன்பாய். ஒட்டகத்தை மண்டியிட வைக்கிறார்கள். அதன் இரண்டு பக்கமும் ஒவ்வொரு சுருக்கு. ஒட்டகத்தை எழுப்புகிறார்கள், அவ்வளவுதான். தூக்குமரம்கூட நட வேண்டியதில்லை. ஆளைச் சுமக்கிற, பால் கொடுக்கிற, கூடாரத்தைத் தூக்கிவருகிற அதே விலங்கு. அதற்கு எழுந்து நிற்பதைத் தவிர ஒன்றும் தெரியாது. பையன் நொறுங்கிப் போகிறான். நோயில் படுத்தவனைத் தேற்றுவது பாட்டி ஸெரெ. காது மந்தமான கிழவி. அவள் பழங்கதை சொல்லச் சொல்ல அவன் எழுந்து உட்காருகிறான். அப்பாவின் அதிகாரம் ஒரு பக்கம், பாட்டியின் கதை இன்னொரு பக்கம். கவிஞன் எந்தப் பக்கம் போனான் என்பதுதான் மீதி நாவல்.

அபாயின் வரிகள் அவெசொவ் என்ற நாவலாசிரியரை உருவாக்கின. அவெசொவின் நாவல் அபாயைத் தன் புல்வெளிக்கு வெளியே கொண்டுபோனது. நாடு கடத்தப்பட்டு கஸாக்ஸ்தானில் வாழ்ந்த அன்னா நிகோல்ஸ்கயா என்ற ரஷ்யப் பெண்மணியும் முதல் பாகத்தை ரஷ்ய மொழியில் மொழிபெயர்த்தவர்களில் ஒருவர். அதன் வழியாகத்தான் உலகம் அபாய் என்ற பெயரைக் கேட்டது. இதில் எது சொந்த எழுத்து, எது அடுத்தவர் எழுத்து என்று பிரித்துக் காட்ட என்னால் முடியவில்லை. நீங்கள் நிறையக் கவிதை எழுதுங்கள் தம்பி. கூடவே, உங்கள் ஊரில் மறந்துபோன ஒரு கவிஞரையாவது தேடிப் படியுங்கள்.

*சிறைக்குப் போனவர், பிறகு அரசாங்கத்துக்குப் பணிந்து பத்திரிகையில் கடிதம் வெளியிட்டு வெளியே வந்தவர் என்று படித்தேன். விருதுகளும் வாங்கியிருக்கிறார். இவரையா மாணவர்களுக்கு முன்மாதிரியாகச் சொல்கிறீர்கள்?*
*— ஓய்வுபெற்ற அரசு ஊழியர், ஈப்போ*

ஐயா, நீங்கள் படித்தது உண்மை. மழுப்ப மாட்டேன்.

1918-இல் அவெசொவும் ஜுசிப்பெக் ஐமாவுதொவ் என்ற எழுத்தாளரும் சேர்ந்து 'அபாய்' என்ற பெயரிலேயே ஒரு பத்திரிகை நடத்தினார்கள். இருவருக்கும் இருபது சொச்சம் வயது. 1930-இல் சோவியத் அரசு அவெசொவைக் கைது செய்தது, தேசியவாதி என்ற குற்றச்சாட்டு. ஐமாவுதொவை 1931-இல் சுட்டுக் கொன்றார்கள். ஒரே பத்திரிகையில் பக்கத்தில் பக்கத்தில் பெயர் போட்டுக்கொண்ட இரண்டு பேர்.

வெளியே என்ன நடந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மந்தைகளைப் பறித்து மக்களைக் கூட்டுப்பண்ணைகளில் தள்ளியதால் 1930 முதல் 1933 வரை பெரும் பஞ்சம். ஏறக்குறைய 15 லட்சம் பேர் செத்தார்கள். கால்நடைதான் சாப்பாடு, கால்நடைதான் போக்குவரத்து, கால்நடைதான் சொத்து என்று வாழ்ந்தவர்களிடமிருந்து கால்நடையை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்?

1932-இல் அவெசொவின் கடிதம் வந்தது. தன் பழைய எழுத்தையும் பழைய தோழமையையும் தவறு என்று அதில் ஒப்புக்கொண்டிருந்தார். விடுதலை ஆனார். அவருடைய ஆசான் வரிசையில் வந்த மொழியறிஞர் அஹ்மெத் பைத்துர்சினொவை 1937-இல் சுட்டார்கள். கவிஞர்கள் மக்ஜான் ஜுமாபாயெவ், இலியாஸ் ஜான்சுகுரொவ், சாகென் செய்புல்லின் மூவரும் 1938-இல் போனார்கள். ஒரு தலைமுறையே துடைத்தெடுக்கப்பட்டது. உயிரோடு மிஞ்சிய அவெசொவ், விடுதலையான அடுத்த ஆண்டே, 1933-இல், அபாயின் தொகுப்பைக் கொண்டுவந்தார், பிறகு நாவலில் உட்கார்ந்தார்.

அந்தக் கடிதம் சரி என்று நான் சொல்லவில்லை. அவருக்கே அது எத்தனை இரவுகளைத் தின்றிருக்கும் என்றுதான் யோசிக்கிறேன். நான் பிறந்த வீட்டில் ஒரு சம்பவம். கம்யூனிஸ்டுகளை ஆங்கிலேய அரசு வேட்டையாடிய மலாயா அவசரகாலத்தில் என் அப்பா ஒரு பெட்டி நிறையத் தமிழ்ப் புத்தகங்களை, தோட்டத் தொழிலாளர் வரிசைவீடான லயத்துக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்தார். அதில் சட்டவிரோதமான புத்தகம் ஒன்றுகூட இல்லை என்று பின்னால் அம்மா சொன்னார். சிவப்பு அட்டை இருந்தது, அவ்வளவுதான். எடுக்கப் போனபோது எல்லாம் மண்ணாகியிருந்தது. அப்பாவை நான் கோழை என்று நினைத்ததே இல்லை. அதே கண்ணால்தான் அவெசொவையும் பார்க்கிறேன்.

விருதுகள் பற்றி: 1949-இல் ஸ்டாலின் பரிசு, 1959-இல் லெனின் பரிசு. முதல் பரிசுக்குப் பிறகும் அவர் நிம்மதியாக இருக்கவில்லை. 1953-இல் மறுபடியும் தேசியவாதி என்று பத்திரிகையில் தாக்கினார்கள், பல்கலைக்கழக வேலை போனது. மீண்டும் கைதாகாமல் இருக்க, அன்றைய கஸாக் தலைநகர் அல்மா-அத்தாவிலிருந்து மாஸ்கோவுக்குப் பறந்தார். அங்கே பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார். பரிசு கொடுத்த அதே கையைப் பார்த்துப் பயந்து ஓட வேண்டிய நிலை. இதையும் சேர்த்துத்தான் என் மாணவர்களுக்குச் சொல்வேன்.

*கஸாக் மொழியின் எழுத்தையே பல தடவை மாற்றினார்களாமே? அப்படியானால் தமிழை ரோமன் எழுத்தில் எழுதினால் என்ன குறைந்துவிடும்?*
*— கல்லூரி மாணவி, கிள்ளான்*

அரபு எழுத்தைக் கஸாக் ஒலிகளுக்குப் பொருந்தும்படி பைத்துர்சினொவ் 1912-இல் சீர்செய்தார். 1929-இல் லத்தீன் எழுத்துக்கு மாற்றினார்கள். 1940-இல் ரஷ்யர்களின் சிரிலிக் எழுத்து. இப்போது மீண்டும் லத்தீனுக்குப் போகிற முயற்சி. அவெசொவின் வாழ்நாளுக்குள் மட்டும் மூன்று எழுத்து. 1933-இல் வந்த தொகுப்பை அந்தக் காலத்துப் பிள்ளை படித்தான். 1940-க்குப் பிறகு பள்ளிக்குப் போன அவன் தம்பிக்கு அதே புத்தகத்தை வேறு எழுத்தில் அச்சிட்டுக் கொடுத்தால்தான் படிக்க முடியும். மறுபடி அச்சாகாத புத்தகங்களை நினைத்துப் பாருங்கள். உங்கள் பாட்டியின் கடிதத்தை நீங்கள் இன்று எடுத்துப் படிக்க முடிகிறதே அம்மா, அதை விட்டுவிடாதீர்கள்.

*சிங்கிஸ் ஐத்மாத்தவின் 'ஜமீலா'வைத் தமிழில் படித்துக் கண்கலங்கியவன் நான். அவர் கிர்கீஸியர். இவருக்கும் அவருக்கும் தொடர்பு உண்டா?*
*— லாரி ஓட்டுநர், தைப்பிங்*

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

முதலில் கொஞ்சம் பின்னால் போவோம். கிர்கீஸ் மக்களுக்கு 'மனாஸ்' என்று ஒரு காவியம் உண்டு. பாடகர்கள் மனப்பாடமாக, இரவு முழுக்கப் பாடுவார்கள். சயாக்பாய் கரலாயெவ் என்ற பாடகர் பாடிப் பதிந்த வடிவம் மட்டும் ஐந்து லட்சம் அடிகளைத் தாண்டும். நம் கம்பராமாயணம் முழுவதையும் அதன் பக்கத்தில் வைத்தாலும் சிறியதாகத் தெரியும். ஐம்பதுகளின் தொடக்கத்தில் இந்தக் காவியம் மக்களுக்கு எதிரானது, பிற்போக்கானது என்று தடைபோடப் பார்த்தார்கள். அதைத் தீர்மானிக்க 1952-இல் கிர்கீஸியத் தலைநகரில் ஒரு மாநாடு. அவெசொவ் போய், இது மக்களின் காவியம் என்று எழுந்து வாதாடினார். அவர் கஸாக். அது அவர் மொழிக் காவியம்கூட இல்லை. அவர் தலைக்கு மேலேயே கத்தி தொங்கிக்கொண்டிருந்த காலம். மனாஸ் பிழைத்தது.

1958-இல் 'ஜமீலா' வந்தது. ஐத்மாத்தவுக்கு அப்போது இருபத்தொன்பது வயது. அப்பாவை 1938-இல் சுட்டுக் கொன்றிருந்தார்கள். பெரிய இடத்துச் சிபாரிசு எதுவும் இல்லாத பையன். போர்க்களத்தில் கணவன் இருக்க, அவன் மனைவி இன்னொருவனோடு ஊரை விட்டுப் போகிறாள் என்று கதை எழுதினால் சும்மா இருப்பார்களா? அந்த நேரத்தில் மாஸ்கோவின் இலக்கியப் பத்திரிகையில் அவெசொவ் ஒரு கட்டுரை எழுதினார். தலைப்பே 'பயணம் நன்றாகட்டும்' என்கிற மாதிரி ஒரு வாழ்த்து. அறுபது வயது தாண்டிய, மூத்த, எல்லாரும் மதிக்கிற எழுத்தாளர் இளையவரின் தோளில் கை போட்டு வாசல் வரை கூட்டிவந்தார். அடுத்த ஆண்டு பிரெஞ்சுக் கவிஞர் லூயி அராகன் 'ஜமீலா'வை மொழிபெயர்த்தார். உலகத்திலேயே அழகான காதல் கதை என்று அவர் எழுதியதைப் பின்னட்டையில் நீங்களே பார்த்திருக்கலாம்.

ஐத்மாத்தவ் இதைக் கடைசி வரை மறக்கவில்லை. எங்கே போனாலும் தன்னோடு இரண்டு புனிதப் பொருள்கள் வருகின்றன, ஒன்று மனாஸ், இன்னொன்று அவெசொவ் என்று சொல்லியிருக்கிறார். நீண்ட தூரம் வண்டி ஓட்டுகிறவர் நீங்கள். நீங்கள் எதை உடன் எடுத்துப் போகிறீர்கள் என்று எனக்கு எழுதுங்கள் ஐயா, அடுத்த இதழில் போடுகிறேன்.

*நான்கு பாகம் படிக்க நேரமில்லை. சின்னதாக ஒன்று சொல்லுங்கள்.*
*— வாசகர், செந்தூல்*

'கோக்செரெக்'. 1929-இல் வந்த நீண்ட சிறுகதை. குர்மாஷ் என்ற சிறுவன் ஒரு ஓநாய்க் குட்டியை வீட்டில் வளர்க்கிறான். அவன் கையால் ஊட்டி வளர்ந்த குட்டி, ஒரு நாள் காட்டுக்குப் போகிறது. பிறகு மந்தைகளைச் சூறையாடுகிற ஓநாயாகத் திரும்பி வருகிறது. கடைசியில் அந்தப் பையனையே கொன்றுவிடுகிறது. அன்பு வைத்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று அவர் ஆறுதல் சொல்லவில்லை. ஓநாயைக் கெட்டது என்று திட்டவும் இல்லை. தமிழில் இதை யாராவது நல்லபடியாகக் கொண்டுவந்தால் முதல் பத்துப் பிரதியை நான் வாங்குவேன்.

*அவெசொவ் பிறந்த இடம் இப்போது எப்படி இருக்கிறது?*
*— பள்ளி மாணவர், நிபோங் திபால்*

நல்ல கேள்வி கண்ணு. அந்தப் புல்வெளிக்குப் பக்கத்தில்தான் சோவியத் அரசு அணுகுண்டு சோதனைத் திடலை அமைத்தது. 1949 முதல் 1989 வரை 456 சோதனைகள். அபாயும் அவெசொவும் பாடித் திரிந்த மண்ணுக்கு அருகில். அவெசொவ் 1961-இல் மாஸ்கோவில் அறுவை சிகிச்சையின்போது இறந்துவிட்டார். அவர் காலத்தில் இதை வெளிப்படையாகத் தடுக்க யாராலும் முடியவில்லை. 1989 பிப்ரவரியில் ஒல்ஜாஸ் சுலைமெனொவ் என்ற இன்னொரு கஸாக் கவிஞர் தொலைக்காட்சியில் கவிதை படிக்க வந்தார். கவிதையை ஓரமாக வைத்துவிட்டு, சோதனையை நிறுத்த வேண்டும் என்று பேசினார். மக்கள் திரண்டார்கள். 1991 ஆகஸ்ட் 29-இல் திடல் மூடப்பட்டது. உன் ஆசிரியரிடம் வரைபடம் கேட்டு செமெய் எங்கே என்று பார்.

*காலமான என் அப்பா ரப்பர் தோட்டத்தில் கங்காணியாக இருந்தவர். பால்வெட்டுக்காரர்கள் பாடிய பாட்டுகளை ஒரு கணக்கு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். சில பக்கம் கறையான் அரித்துவிட்டது. யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை. நீங்கள் எழுதிய அந்தக் கஸாக்காரரை நினைத்ததும் இதைக் கேட்கத் தோன்றியது.*
*— வாசகி, சுங்கை பட்டாணி*

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன் அம்மா. என் பாட்டியும் உங்கள் ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தில் பால் வெட்டியவர்தான். எத்தனையோ பாட்டுப் பாடுவார். நான் படித்து ஆசிரியையாகி, ஊருக்கெல்லாம் இலக்கியம் சொல்லிக்கொடுத்தேன். பாட்டி பாடிய ஒன்றைக்கூட எழுதி வைக்கவில்லை. அவர் போன பிறகு ஒரு தாலாட்டில் இரண்டு அடிதான் எனக்கு மிச்சம் (மங்கு என்றால் ரப்பர் பால் பிடிக்கிற கோப்பை):

*மங்கு தொடைச்ச கையில மகனே ஒன்னத் தூக்கி வந்தேன்*
*எங்கூரு எந்தத் தெச, இந்தக் காட்டக் கேட்டு வந்தேன்*

மூன்றாவது அடி என்னவென்று முப்பது வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

நோட்டை யாரிடமும் கொடுக்காதீர்கள். முதலில் வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் தனியாக வையுங்கள். கறையான் அரித்து உதிர்ந்த துண்டுகளைக் கூட்டித் தள்ளிவிடாமல் ஒரு உறையில் போடுங்கள். ஒட்டும் டேப் வேண்டவே வேண்டாம், பின்னால் எழுத்தையே உரித்துக்கொண்டு வரும். பகல் வெளிச்சத்தில், அட்டை முதல் கடைசிப் பக்கம் வரை ஒவ்வொன்றாகக் கைப்பேசியில் படம் எடுங்கள். வெற்றுப் பக்கத்தையும், பால் கணக்கு எழுதிய பக்கத்தையும் விடாதீர்கள். தோட்டத்தின் பெயர், அப்பா அங்கே வேலை பார்த்த வருடங்கள், பாடியவர்கள் பெயர் எது நினைவு வந்தாலும் தனித் தாளில் எழுதுங்கள். அப்புறம் உட்கார்ந்து உங்கள் கையாலேயே முழுவதையும் இன்னொரு நோட்டில் படி எடுக்கத் தொடங்குங்கள். முர்செயித் செய்தது அதுதான்.

இதழின் அலுவலகத்துக்கு உங்கள் தொலைபேசி எண்ணைச் சொல்லி வையுங்கள். அடுத்த மாதம் முதல் ஞாயிறு நானே பாலம் தாண்டி வருகிறேன். அப்பா பாடி ஏதாவது மெட்டு உங்கள் காதில் நிற்குமானால், வெட்கப்படாமல் பாடிக் காட்டுங்கள், பதிந்துகொள்ளலாம். அந்த நோட்டில் தாலாட்டு இருந்தால் அந்தப் பக்கத்தில் ஒரு தாள் வைத்திருங்கள்.